சர் லயனலின் அடுத்த நாவல்

தாடியில் காலை முட்டை காய்ந்து ஒட்டியிருக்கும் ஒருவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது எளிதல்ல, இன்ஸ்பெக்டர். சர் லயனல் விதர்பியிடம் இருபது ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். முன்பெல்லாம் அவர் தாடி சுத்தமாக இருக்கும்.

அவருடைய மூன்று நாவல்களை இங்கிலாந்தே படித்தது. முதலாவது, தம்பி போரில் இறந்தபின் எழுதியது. இரண்டாவது, தாயை அடக்கம் செய்துவிட்டு வந்து. மூன்றாவது, முதல் மனைவி ஹாரியட் நோயில் போனபின். அதற்குத்தான் அரண்மனையில் சர் பட்டம் கொடுத்தார்கள். நடுவே சந்தோஷமாக இருந்த காலங்களில் எழுதியவற்றை அடுப்பில் போட்டேன், அவர் சம்மதத்தோடுதான்.

பிறகு ரோவெனாவை மணந்து, நார்ஃபோக் கடற்கரையில் இப்போதைய வீட்டுக்கு வந்தார். கோழி வளர்த்தார். அப்போது சொல்லிவந்த நாவலிலும் கோழிகள் வந்தன. ஓர் அத்தியாயம் முழுக்க ஆரஞ்சு ஜாம் காய்ச்சினார்கள். “வெயில் புன்னகைத்தது” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து அவரும் புன்னகைத்தார். அன்று கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். எரித்துவிடலாமா என்று கேட்டேன்.

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கு,” என்றார்.

பதிப்பாளரும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அது அச்சாகியிருந்தால், மற்ற மூன்றையும்கூட இளக்காரமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

எங்கள் கரையில் கடல் வற்றும்போது மணல்திட்டுவரை நடந்து சிப்பி பொறுக்கலாம். நீர் திரும்புமுன் வந்துவிட வேண்டும். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை எப்போதும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால், ஊரில் எல்லோரும் அதோடு ஒரு மணி கூட்டிக்கொள்வார்கள். இந்த ஆண்டு அச்சிட்டவர்களே கூட்டிவிட்டார்கள். பின்னட்டையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வாங்கி வந்தவள் நான், படித்திருந்தேன்.

ரோவெனா கூடையும் அட்டவணையுமாக வாசலில் நின்றாள். “மிஸ் டெண்ட், இதுல ஒரு மணி கூட்டணுமா, கழிக்கணுமா? எனக்கு எப்பவும் குழப்பம்தான்.”

“அவள விட்டா ரெண்டு முட்டையக்கூடத் தப்பா எண்ணுவா,” என்றார் சர் லயனல், உள்ளிருந்து. இருவரும் சிரித்தார்கள்.

“கூட்டணும்மா,” என்றேன். “எப்பவும் போல.”

இரவு அவருக்குச் சிப்பியை வினிகரில் ஊறவைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் மீனவர்கள் அவள் உடலைத் தூக்கி வந்தார்கள். கையில் மாட்டியிருந்த கூடை நிறைந்திருந்தது.

நான் அவளைத் தொடக்கூட இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன். தவறான பதிலென்று தெரிந்தே சொன்னேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கோழி நாவலை இப்போது அவரே நெருப்பில் போட்டுவிட்டார். இனி ஒரு வரியும் எழுத மாட்டேன் என்கிறார். ஹாரியட் போன வாரத்திலும் அப்படித்தான் சொன்னார். ஆகவே மதியத்துக்குள் என்னை அனுப்பிவிட்டால் நல்லது. அவர் சொல்லத் தொடங்கும்போது எழுதிக்கொள்ள, அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.