சம்பந்தி, நீங்க முன்னால போங்க

கண்ணையன்: ...இல்ல இல்ல, நீங்க முன்னால போங்க சம்பந்தி. மாப்பிள்ளைக்கு அப்பா. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?

இராமலிங்கம்: பந்தியில பாக்கற மரியாதையை ஓட்டப்பந்தயத்துல பாக்கறீங்களே! பொண்ணு குடுக்கறவங்க நீங்க. நீங்க போங்க.

கலைமணி: ஐயா, ரெண்டு பேரும் ஓடறீங்களா, பஸ்ஸுக்கு நிக்கறீங்களா? உங்க வேகத்துக்கு என் ஸ்கூட்டி சாயுது. காலை ஊனி ஊனி வர்றேன்.

கண்ணையன்: நீ யாரும்மா?

கலைமணி: கலைமணி. பி.டி. டீச்சர். கடைசியா வர்றவங்களைப் பத்திரமா கொண்டு சேக்கற வேலை எனக்கு. உங்களுக்குப் பின்னாடி நானும் ஆம்புலன்ஸும்தான்.

இராமலிங்கம்: நாங்க பேஸ் பாத்து ஓடறோம் டீச்சர். எடுத்த எடுப்புல தலைதெறிக்க ஓடக்கூடாதாம். அடக்கி ஓடணும். போன் ஆப்புல ஒரு அம்மா தினம் சொல்லிக் குடுத்துச்சு.

கலைமணி: பாதி தூரந்தாங்க அடக்கணும். அப்புறம் வேகத்தைக் கூட்டணும். சிறுவாச்சூர்ல கெளம்புனது, பெரம்பலூரே வந்துருச்சு. மீதிப் பாடத்தை அந்தம்மா எப்ப எடுக்கும்?

இராமலிங்கம்: அதுக்குள்ள சார்ஜ் போயிருச்சு...

கண்ணையன்: நான் போனையெல்லாம் நம்பறதில்ல. எங்க ஊரு வேப்பந்தட்டையில மூணு மாசம் என் ஆட்டுக்குப் பின்னாலயே பழகுனேன்.

கலைமணி: ஆடு அவ்வளவு தூரம் ஓடுமா?

கண்ணையன்: எங்க ஓடுது? மேயும். அதான் என் பேஸு.

இராமலிங்கம்: நான் எங்க ஊரு விக்கிரமங்கலத்துல சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னாடி ஓடுனேன். ஒருநாள் டிரைவரு வண்டிய நிறுத்திட்டு எறங்கி வந்து கையெடுத்துக் கும்புடறாரு. “ஐயா, முந்திடாதீங்க, ஓனர் பாத்தா என் வேலை போயிரும்”னு.

கண்ணையன்: அவ்வளவு வேகம் இன்னிக்கு எங்க போச்சு?

இராமலிங்கம்: லாரி இல்லியே சம்பந்தி.

கலைமணி: இந்த வயசுல எதுக்குங்க இந்த வீம்பு?

கண்ணையன்: என் பொண்ணு சத்யா, இவரு பையன் விக்கி. தை மாசம் கல்யாணம். எந்த ஊர்லன்னு ஆறு மாசமாப் பேச்சு. நான் எங்க ஊருன்னேன்...

இராமலிங்கம்: நான் எங்க ஊருன்னேன். சபையில விட்டுக் குடுக்க முடியுமா?

கண்ணையன்: புள்ளைங்க ரெண்டும் கடுப்பாயி, “ஓடுங்க, யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க ஊர்ல கல்யாணம்”னு பேரைக் குடுத்துட்டுதுங்க. அந்தா, பந்தயம் முடியற கோட்டுகிட்ட நிக்குதுங்க.

கலைமணி: அப்ப ஓடுங்களேன்! பேனர் தெரியுதே... ஐயையோ, அந்தப் பாட்டி உங்களைத் தாண்டிட்டாங்க!

இராமலிங்கம்: அந்தம்மா பந்தயத்துல இல்ல டீச்சர். ரேஷனுக்குப் போவுது. கையில பை இருக்கு பாருங்க.

கலைமணி: அது இன்னும் கேவலங்க!

கண்ணையன்: சம்பந்தி, எனக்கு ஷூ கயிறு அவுந்துருச்சு. நீங்க போங்க, கட்டிட்டு வரேன்.

இராமலிங்கம்: அட, எனக்குந்தான். நானும் உக்காந்துக்கறேன்.

கலைமணி: ஐயா... நீங்க போட்டிருக்கறது ரப்பர் செருப்பு.

இராமலிங்கம்: அப்ப வாரு அவுந்துருச்சு டீச்சர்.

கண்ணையன்: சம்பந்தி, நெசத்தைச் சொல்லுங்க. உங்களுக்கு ஜெயிக்க இஷ்டமில்லியா?

இராமலிங்கம்: மெதுவாப் பேசுங்க, பையன் பாக்கறான்... எங்க பங்காளிங்க அஞ்சு பேரு. போன கல்யாணத்துல, ஊர்ச்சபையில வெத்தலைத் தட்டை யார் கையில முதல்ல குடுக்கறதுன்னு சண்டை. அஞ்சு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, அது முடியறதுக்குள்ள ஐயரு தூங்கி எந்திரிச்சு, இன்னொரு ஊர்ல ஒரு தாலியும் எடுத்துக் குடுத்துட்டு வந்துட்டாரு. நீங்க ஜெயிச்சா உங்க ஊர்ல நிம்மதியா முடியும்னு...

கண்ணையன்: எங்க ஊர்ல நிம்மதியா! எங்க ஆளுங்க தட்டையே ரெண்டா உடைச்சவங்க. பித்தளைத் தட்டுங்க! அதுக்குப் பயந்துதானே மூணு மாசமா ஆட்டுக்குப் பின்னால தோக்கப் பழகுனேன்?

கலைமணி: அடக் கடவுளே! இதை அன்னைக்கே சொல்லிட்டு, பொதுவா ஒரு இடம் பாத்திருக்கக் கூடாதா?

கண்ணையன்: பாக்காம இருப்பனா? தவறி ஜெயிச்சுட்டா என்ன பண்றதுன்னு, போன மாசமே யாருக்கும் சொல்லாம சிறுவாச்சூர்ல ஒரு மண்டபம் பிடிச்சு வெச்சிருக்கேன். வெளியூர் மண்டபத்துல ஏது ஊர்ச்சபை? வந்தமா, சாப்ட்டமான்னு போயிருவாங்க.

இராமலிங்கம்: சிறுவாச்சூரா? கோயில் ரோட்டுல, பச்சைக் கேட்டு போட்டதா?

கண்ணையன்: அதேதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?

இராமலிங்கம்: நானும் பிடிக்கப் போயிருந்தேனே! அந்தத் தேதியை வேப்பந்தட்டைக்காரர் ஒருத்தர் முந்திக்கிட்டாருன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எவன்டா அவன்னு விக்கிரமங்கலம் வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தேன், சம்பந்தி!