பதினேழாம் எண் வீட்டு ஜன்னல்

என் பெயர் லெஸ்லி பார்க்கின். வயது எழுபத்தொன்று. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். யார்க்ஷயர், ஹெல்ம்பி நகரம், மில் தெரு, நாற்பதாம் எண் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று போலீஸ் அதிகாரி சொன்ன பிறகும் என் விருப்பத்தின் பேரில் இதைச் சொல்கிறேன்.

எதிர்வரிசையில் பதினேழாம் எண் வீட்டில் என் அக்கா எனிட் வாடகைக்கு இருந்தாள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையானவள். அவள் அறைக்கு ஒரே ஜன்னல். காலை வெயில் வந்ததும் தலையணையை அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்வாள். பக்கத்து வீட்டு கேரி ஸ்டாட் அனுமதி வாங்காமல் வேலியை ஒட்டி இரண்டு மாடி கட்டினார். அதன் பிறகு அந்த அறையில் பகலிலும் விளக்கு எரிந்தது.

நகராட்சியில் புகார் செய்தேன். "பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றார்கள். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. அதன் பிறகு, நகராட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் போன் செய்ததில் ஒரு பெண் பேசினார்.

"சொந்த வீடா இருக்கணும்னு இல்ல சார், வாடகைக்கு இருக்கறவங்களும் புகார் குடுக்கலாம். ஆனா பாதிப்பு அவங்களோடதா இருக்கணும். அவங்க சம்மதிச்சா நீங்க பேசலாம். மொதல்ல நகராட்சிகிட்டயே எழுத்துல முறையிட்டு, அவங்க முடிவ வாங்கிட்டு வாங்க."

அக்கா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். "டேய், வெயிலுக்கு முன்னாடி நான் போய்ச் சேர்ந்துடுவேன் போலிருக்கு" என்று சிரித்தாள். நகராட்சி முறையீடு முடிவதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது. அதன் பிறகு புகார் குறைதீர்ப்பாளரிடம் போயிற்று. பிப்ரவரியில் அக்கா நிமோனியாவில் இறந்தாள். விளக்கை நான்தான் அணைத்தேன்.

வசந்தத்தில் முடிவு வந்தது. நகராட்சி செய்தது தவறுதான், ஆனால் பாதிக்கப்பட்டவர் உயிரோடு இல்லாததால் அவருக்கு ஈடு செய்ய வழியில்லை, கட்டடத்தை இடிக்கச் சொல்லும் அதிகாரமும் தங்களுக்கு இல்லை என்றார்கள். என் ஜன்னலை யாரும் மறைக்கவில்லை என்பதால் என் பேரில் புதிதாகக் கேட்கவும் ஒன்றுமில்லை.

அதன் பிறகு அக்காவின் அறைக்கு டோனா என்ற பெண் கைக்குழந்தையோடு குடிவந்தாள். நேற்றுக் காலை அவளிடம் போய், "இப்ப புகார் குடுக்க வேண்டியவ நீதாம்மா" என்றேன்.

"எதுக்கு? நான் வரும்போதே செவுரு இருந்துச்சே" என்றாள். "எனக்கு இது பழகிடுச்சு, லெஸ். புள்ளையும் நல்லா தூங்குது."

அவளிடம் எனக்குக் கோபமில்லை. வீட்டுக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்து வந்து ஸ்டாட்டின் சுவரை அடித்தேன். கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. அதற்குமேல் கை தூக்க முடியவில்லை. ஸ்டாட் வெளியே வந்து, "மூச்சு வாங்குது பாரு, உக்காரு" என்று நாற்காலி போட்டார். அதன் பிறகு போலீசைக் கூப்பிட்டவரும் அவரே. நீங்கள் வரும்வரை அந்தச் சுவரின் நிழலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) லெ. பார்க்கின்