முழுசாய்க் கண்ட கடற்பசு

கொழும்பிலிருந்து மன்னாருக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவ சொன்னா:

“இவ்வளவு காலமும் சமைச்சிருக்கிறன், அதின்ர முகத்தை இண்டைக்குத்தான் கண்டனான்.”

அவவின் கழுத்தில் செபமாலை. பக்கத்தில் முக்காடு போட்ட இளம்பெண். தையல் பயிற்சிக்குப் போன இடத்தில் சிநேகமாகி, பாடம்பண்ணிய உயிரினங்கள் இருக்கும் மியூசியத்தைச் சேர்ந்து பார்த்துவிட்டு வருகிறார்களாம்.

“கடற்பசுவையோ, அக்கா?”

“ஓம். பிடிக்கத் தடையெண்டதால நேவிக்குப் பயந்து, கடலிலயே துண்டு துண்டா வெட்டிப் பையில கட்டித்தான் அவர் கொண்டு வாறவர். நானும் மாட்டிறைச்சி மாதிரி மிளகு போட்டு இறக்கிறனான். இண்டைக்குப் பாத்தா, செட்டைக்குக் கீழ முலை. பக்கத்தில குட்டி.”

“இனி?”

“இனி என்ர அடுப்பில ஏறாது. கொண்டு வந்தாரெண்டா, அங்க எடுத்த இந்தப் படத்தோட போனைச் சோத்துக் கோப்பையில வைச்சுக் குடுப்பன்.”

“அண்ணன் கோவிச்சா?”

“கோவிக்கட்டும். பட்டினி கிடக்கட்டும்.”

பஸ் மதவாச்சியைத் தாண்டியது. இளம்பெண் தன் போனை எடுத்தாள்.

“அக்கா, அந்தப் படத்தை எனக்கும் அனுப்புங்கோ. எங்கட வீட்டுக்கும் துண்டாத்தான் வாறது.”