எடை குறைத்த பை

ராத்திரி ஒன்பதரை மணி. மலை ஏறும் சாலை. அடிவாரத்துக் கடைசிக் கடையின் வெளிச்சம் வளைவுக்குப் பின்னால் மறைந்து வெகுநேரமாகிவிட்டது. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம்... ஒன்றுமில்லை. வெறும் இருட்டு. ஒரு மனிதர் தன்னந்தனியாக சைக்கிளில் ஏறிக்கொண்டிருக்கிறார். முன்விளக்கின் சின்ன வட்டம் தார்ச்சாலையில் ஊர்ந்துகொண்டே போகிறது. சங்கிலியின் கரகரப்பு. அவருடைய மூச்சு. வேறு சத்தமே இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம்போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது.

என் நண்பனின் பெரியப்பா மகன் அவர். நண்பனிடம் அவரே ஒரு தடவை சொன்னது. மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவாராம்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். "போட்டிருக்கறதே தெரியாது சார், அவ்வளவு லேசு" என்று சொல்லிச் சொல்லியே வியாபாரத்தைப் பெருக்கினவர். அந்த லேசுப் பைத்தியம் கடையோடு நிற்கவில்லை. கூடாரம், படுக்கை, பாத்திரம் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நாள்கணக்கில் காடுமலை சுற்றுகிற கூட்டம் ஒன்று உண்டு இல்லையா... அதில் அவரும் ஒருவர். எந்தச் சாமான் வாங்கினாலும் முதலில் தராசில் ஏறும். சட்டைக் காலரில் தைத்திருக்கிற துணிச்சீட்டைக் கத்தரித்துவிடுவார். பற்பசையைக் கண்ணுக்கு விடுகிற சொட்டுமருந்துப் புட்டியில் பிதுக்கி எடுத்துக்கொள்வார். கூடார முளைகளில் பாதியை வீட்டிலேயே போட்டுவிட்டு, "மலையில கல்லுக்கா பஞ்சம்?" என்பார். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'கிராம்'.

அவருக்கு ஒரு மச்சினன். மனைவியின் தம்பி. கல்யாணமாகாதவன், அவர்கள் வீட்டிலேயே நடையோரத்துச் சின்ன அறையில் தங்கியிருந்தான். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிற வேலை. நாள் முழுக்கக் குளிரோடு மல்லுக்கட்டுகிறவனுக்குக் குளிர் மட்டும் ஆகாது... லேசாகக் காற்றடித்தாலே காதை மூடிக்கொள்வான். அவனும் இந்தச் சைக்கிள் பயணங்களுக்கு வருவான். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மூட்டை'. ஏன் என்று அவன் சைக்கிளைப் பார்த்தாலே தெரியும். ரெண்டு டார்ச், ஃபிளாஸ்க், ஸ்க்ரூடிரைவர் செட்டு, அடுத்தவன் மறந்துவிட்டு வரக்கூடிய சாமான் அத்தனையும் அதில் இருக்கும்.

"ஊரையே கட்டித் தூக்கிட்டு வர்றியேடா!"

"ஊருக்கு வேணுமே மாமா."

கிண்டல் பண்ணினவர்கள்தான் ராத்திரியானால் அவன் பையில் கை விடுவார்கள். அது மட்டுமா? ஏற்றத்தில் எவனாவது திணறினால் பக்கத்தில் வந்துவிடுவான். ஒரு கையில் ஹேண்டில்பார், மறுகையைத் திணறுகிறவன் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே போவான். அத்தனை பாரத்தோடும். கிராமை எத்தனை மலை அப்படித் தள்ளி ஏற்றியிருக்கிறான் என்று கணக்கே இல்லை.

போன வருஷம் ரெண்டு பேர் மட்டும் இதே மலைக் கணவாய்க்குக் கிளம்பினார்கள். முதல் நாள் ராத்திரி அடிவாரத்தில் லாட்ஜ். விடிவதற்கு முன்னால் மூட்டை தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தான். கிராம் அவனுடைய ஸ்லீப்பிங் பேக்கை, உள்ளே நுழைந்து படுத்துக்கொள்கிற அந்தப் பையை, கையில் தூக்கிப் பார்த்தார். அக்காக்காரி தம்பிக்காகத் தன் கையால் தைத்தது. மூன்று அடுக்குப் பஞ்சு, கழுத்துவரை ஜிப். கல் மாதிரி கனம். இதைச் சுமந்துகொண்டு இவன் ஏறினால் பொழுது சாய்ந்துவிடும்... மத்தியானத்துக்குள் உச்சியைத் தொடவேண்டும் என்று கூட்டாளிகளிடம் சவடால் விட்டு வந்திருந்தார். சட்டென்று அதை உருவி அலமாரிக்குள் திணித்தார். தன்னிடம் உபரியாக இருந்த, கோடைக்காலத்துக்கான மெல்லிய பையை அதே உறைக்குள் சுருட்டிவைத்தார். மேலே போய்ச் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ளலாம். ஏற்றத்தில் அவனே நன்றி சொல்வான்.

கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் இன்றைக்குவரை அவரைத் தின்கிறது... கெட்ட எண்ணம் துளிகூட இல்லை.

உச்சிக்குக் கீழே ஒரு சமதளத்தில் கூடாரம் போட்டார்கள். ஆளுக்கொரு சின்னக் கூடாரம், கை நீட்டினால் தொடுகிற தூரம். சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மழையோடு ஆலங்கட்டி. ரெண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். உறையைப் பிரித்த மூட்டை உள்ளே இருந்ததை டார்ச் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தான்.

"மாமா... என் பை மாறியிருக்கு."

"அது போதும்டா. ஒரு ராத்திரிதானே? படு."

அவ்வளவுதான் பேச்சு.

கிராமின் பை வாத்துச் சிறகு அடைத்தது. எடை இல்லை, ஆனால் அடுப்படி மாதிரி சூடு. கதகதவென்று கிடந்தார். காற்று கூடாரத்தை அறைந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே... கூப்பிடுகிற சத்தம்.

"மாமா... முழிச்சிருக்கீங்களா?"

முழித்துத்தான் இருந்தார். பதில் சொன்னால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் பையைப் பங்கு போட வேண்டும், செய்த காரியத்தைப் பேச வேண்டும். மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

"மாமா..."

மூன்றாம் தடவை குரல் குழறியது. அதற்கப்புறம் கூப்பிடவில்லை. அப்பாடா, தூங்கிவிட்டான் என்று நினைத்தார்.

விடிந்து போய்ப் பார்த்தால்... வேண்டாம். அவன் கூடாரத்தின் ஜிப் பாதி திறந்திருந்தது. ஒரு கை வெளியே, இவர் கூடாரத்தின் பக்கமாக நீண்டிருந்தது. அவ்வளவு போதும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொன்னார் தெரியுமா?

"அவன்தான் நீ தச்ச பையை லாட்ஜிலேயே விட்டுட்டு வந்துட்டான். கனமா இருக்குன்னு."

வாயிலிருந்து அதுவாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப விழுங்க முடியவில்லை. சில நாள் கழித்து லாட்ஜ்காரர் அந்தப் பையைப் பார்சலில் அனுப்பியிருந்தார். அவள் அதைப் பிரிக்கக்கூட இல்லை. பார்சலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் தச்சது அவனுக்குப் பாரமாப் போச்சா?"

அழவில்லை. செத்தவன் மேல் கோபம். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் ஆற்றுவது? தம்பியின் அறையைப் பூட்டினாள். அவன் பெயரை வீட்டில் எடுப்பதில்லை. கிராம் ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். கொட்டாவி விட்டதுபோல மூடிக்கொள்வார். கடையில் வாடிக்கையாளர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "லேசா இருக்கே!" என்று சொன்னால் நெஞ்சில் ஆணி இறங்கும். தராசைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். என்ன பிரயோசனம்?

வருஷம் திரும்பியது. அவளாகவே ஒரு நாள் அவன் பெயர் செதுக்கிய ஒரு கல்பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"அந்த இடத்துல வச்சுட்டு வாங்க. நான் வரமாட்டேன். எனக்கு அவன் மேல மனசு ஆறல."

மறுக்க என்ன வாய் இருக்கிறது அவருக்கு? வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கனமான ஒரு பொருளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். வழியில் டயர் பஞ்சர், ஒட்டினால் மறுபடி காற்று இறங்கியது... அப்படித்தான் அந்த ஏற்றத்தில் இருட்டிவிட்டது.

இப்போது அந்த ஒன்பதரை மணிக்கு வருவோம்.

தொடை நடுங்குகிறது. கல்பலகை பின்னால் இழுக்கிறது. இறங்கித் தள்ளலாம் என்று ஒரு காலை ஊன்றப் போனார். அப்போது... சைக்கிள் லேசானது.

முதுகில் ஒரு கை.

உள்ளங்கை முழுசாகப் படிந்திருந்தது. ஈரம். சட்டையைத் தாண்டி, தோலைத் தாண்டி எலும்பில் இறங்குகிற குளிர். பழைய ஃப்ரீசரைத் திறந்தால் ஒரு வாடை வருமே, துருவும் பனியும் கலந்து... அந்த வாடை. பக்கத்தில் இன்னொரு சக்கரம். டிக்... டிக்... டிக்... அதற்கு விளக்கு இல்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை என்றுதான் சொன்னாராம். பெடல் தானாகச் சுற்றியது. ஒரு வளைவு, அடுத்த வளைவு, அதற்கடுத்தது. வேகமில்லை. பத்திரமாக, பழைய மாதிரியே. பயமுறுத்த வந்ததாக இருந்தால் தாங்கியிருப்பார். இது உதவிக்கு வந்திருக்கிறது. சாகவிட்டவனைத் தள்ளி ஏற்றுகிறது... அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமதளம் வந்தது. சைக்கிள் நின்றது. கை முதுகைவிட்டு விலகவில்லை.

"மாப்ள..." என்றார். "பையை நான்தான்டா மாத்தினேன்."

கை அசையவில்லை. பிறகு மெதுவாக, ரெண்டு தடவை முதுகில் தட்டிக்கொடுத்தது. விடுங்க மாமா, அது எனக்கு எப்பவோ தெரியும் என்கிற மாதிரி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கிடைத்தாகிவிட்டது. ஆனால் ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது, அணை உடைந்ததுபோல எல்லாமே வந்துவிட்டது.

"உங்க அக்காகிட்ட பழியை உன் மேலயே போட்டேன். அதுகூடப் பரவால்லடா... அன்னிக்கு நீ கூப்பிட்டப்ப நான் தூங்கல. முழிச்சுட்டுத்தான் இருந்தேன். மூணு தடவையும் கேட்டுச்சு."

தட்டிக்கொடுத்த கை விறைத்துப்போனது.

அது அவனுக்குத் தெரியாது. செத்த பிறகும் தெரியாது. மாமா அசந்து தூங்குகிறார், பாவம், எழுப்பவேண்டாம் என்றுதான் நினைத்திருந்தான்...

முதுகிலிருந்து ஒவ்வொரு விரலாக விலகியது. சுண்டுவிரல் முதலில். கட்டைவிரல் கடைசியில்.

பக்கத்துச் சைக்கிள் திரும்புகிற சத்தம். டிக் டிக் டிக் என்று இறக்கத்தில் வேகம் எடுத்து, கீழே, கீழே... வந்த வழியே. வீடு இருக்கிற திசையில்.

விடியும்வரை அங்கேயே கிடந்தார். கல்பலகையை ஊன்றினார். ஊர் வந்து சேரும்போது அன்றைக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, வழியெல்லாம் கோத்துக்கொண்டுவந்த வார்த்தையை எடுத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேணாம்" என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நேத்து ராத்திரியே கேட்டாச்சு."

"யார் சொன்னா?"

அவள் உள்ளே போய்விட்டாள். சாப்பாடு மேசையில் மூடியிருந்தது. அவருடைய படுக்கை மட்டும் கூடத்தில் போட்டிருந்தது. தலையணை, ஒரு கம்பளி. தம்பியின் அறைக் கதவில் பூட்டு இல்லை.

நடுராத்திரி. காலடிச் சத்தம். தன் பக்கத்தில் வந்து நிற்கிறாள் என்று தெரிந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவர் மேல் கிடந்த கம்பளியை அவள் நிதானமாக உருவினாள். மடித்தாள். நடைப்பக்கம் போனாள். அந்த அறையின் கதவு கிறீச்சிட்டது... திறந்தது. மறுபடி சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

போய்விட்டாள் என்று கண்ணைத் திறந்தார்.

அவள் வெறுங்கையோடு கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள்.