சாரம் ஏறுமுன் ஒரு மாத்திரை

மார்ச் மாதம் பதினான்காம் நாள். வானம் தெளிவாக இருந்தது. சாரத்தில் கட்டிய சாக்குகூட அசையாத அளவுக்குக் காற்று அடங்கியிருந்தது. சுவருக்கு வண்ணம் பூச உகந்த நாள்.

ஆய்வாளர் ஐயா, என் வாக்குமூலத்தை எழுத எழுத்தரை அழைக்க வேண்டாம். முதியோர் வகுப்பில் கற்றவள் நான். இதனை நானே எழுதுகிறேன்.

என் கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவர். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரைக்கு உகந்த நேரம் எதுவென்று மருத்துவரிடம் கேட்டேன்.

"காலையோ ராத்திரியோ, எதுவும் தப்பில்லம்மா. தினம் ஒண்ணு, ஒரே நேரத்துல. அவ்வளவுதான்."

நான் காலையைத் தேர்ந்தெடுத்தேன். அவர் நாக்கை நீட்டுவார், நான் வைப்பேன். "நீ இல்லன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்டி" என்பார். அந்தச் சொல்லை நம்பியே வாழ்ந்தேன்.

சென்ற மாதம் மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, நேத்துதானே உங்க தங்கச்சி இதே மாத்திரைய வாங்கிட்டுப் போனாங்க? ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மாமாவுக்கு அவங்கதான் குடுக்குறாங்களாமே."

எனக்கு உடன்பிறந்தார் எவரும் இலர்.

மேஸ்திரியைப் பார்க்கப் போவதாக அவர் சொன்ன மாலைகளெல்லாம் அப்போது விளங்கின. ஒரு வீட்டில் மாத்திரை வேண்டாமென்றால் மற்ற வீடு வெளிப்பட்டுவிடும். ஆகவே இரண்டு வீட்டிலும் நாக்கை நீட்டினார். இன்னொருத்தி இருந்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த மாத்திரை என்னுடைய வேலை.

மாத்திரை போட்ட சற்று நேரத்தில் தலை சுற்றுகிறது என்றார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்ல டாக்டர்."

உண்மை சொல்ல அவருக்கு அவகாசம் அளித்துக் காத்திருந்தேன். பின்னர், "நான் குடுக்குறது மட்டுந்தாங்க" என்றேன்.

அதன்பின் உகந்த நேரத்தை நானே தீர்மானித்தேன். விழித்தவுடன் கொடுத்துவந்ததை, அவர் சாரம் ஏறுவதற்குச் சற்று முன் என்று மாற்றினேன். டப்பாவுடன் வேலையிடத்துக்கே சென்றேன்.

"அண்ணே, அண்ணி டூட்டிக்கு வந்தாச்சு, வாயத் தொறங்க" என்று உடன் வேலை செய்வோர் கேலி பேசினர். அவர் கூச்சத்துடன் நாக்கை நீட்டினார். கொடுத்தபின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வழக்கமாயிற்று.

அன்றும் நின்றேன். நான்காம் அடுக்கில் அவர் குனிந்து வாளியை எடுத்தார், நிமிர்ந்தார், பிடி தேடிக் கையை நீட்டினார்.

ஒருநாள் விழுவார் என்று அறிந்தே கொடுத்தேன், அதை மறைக்கவில்லை. ஆயினும் கூடுதல் மாத்திரை அவளுடையது. அவளை விசாரியுங்கள். மருத்துவர் சொன்னபடி நான் நாளுக்கு ஒன்றுதான் கொடுத்தேன். ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. அவர் தரையைத் தொட்டபோது மணி ஒன்பது இருபது.