திசு போதவில்லை

மெழுகு குளிர்ந்திருந்தால்தான் நன்றாக வெட்டுப்படும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான். வெயில் ஏறிவிட்டால் மெழுகு இளகும், சீவல் சுருண்டுகொள்ளும், பழி கத்தியின் மேல் விழும். அதனால் காலை ஏழரைக்கெல்லாம் கட்டைகளை ஐஸ் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஒரு வாய் டீ குடிப்பேன்.

எழுதிக்கொள்ளுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன். அவசரம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நோயாளி உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் புதைத்து, தீப்பெட்டி அளவில் ஒரு கட்டையாக என்னிடம் அனுப்புவார்கள். அதை மெஷினில் பொருத்தி, சக்கரத்தைச் சுற்றி, தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்குச் சீவி, கண்ணாடித் துண்டில் ஏற்ற வேண்டும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் நோயைச் சொல்வார். முப்பத்தொரு வருஷமாக இதே மெஷின், இதே நாற்காலி. 'கத்தியம்மா' என்று எனக்குப் பெயர் வைத்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

என் தங்கை அப்படிக் கூப்பிட மாட்டாள். நான் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "அந்த மெழுகு வாடையோட சோபால உக்காராதே, அக்கா. முதல்ல குளி. துண்டு அங்கேயே கிடக்கு." எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அதட்டுவதில் மட்டும் அவள்தான் மூத்தவள். சின்னவள் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

சின்னவளுக்கு மலத்தோடு ரத்தம் போனது. அவள் வீட்டுக்காரர் சொன்னது இதுதான், எழுத்துப் பிசகாமல் எனக்குத் தெரியும். "மூலமா இருக்கும். காரத்தைக் குறை, கீரை சாப்பிடு, தண்ணி நிறையக் குடி. தானாச் சரியாப் போயிடும்." அந்தப் பேச்சில் எட்டு மாதம் போயிற்று. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன பிரயோஜனம்.

எழுத்துப் பிசகாமல் எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

அவளுடைய கட்டை என்னிடம்தான் வந்தது. கட்டையில் எண்தான் இருக்கும், பெயர் விண்ணப்பத் தாளில் இருக்கும். பார்த்தேன். பக்கத்து மெஷின்காரி "குடுங்க, நான் பண்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன். அப்படி ஒரு சுத்தமான சீவலை அதற்கு முன்னும் பின்னும் நான் எடுத்ததில்லை. சுருக்கம் இல்லை, கீறல் இல்லை. அதில் இருந்ததைப் படிக்க எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

அந்த வருஷமே போய்விட்டாள். அவள் வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "விட்டுட்டேனே அக்கா, விட்டுட்டேனே" என்று அழுதார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். நான் சண்டை போடுகிறவள் இல்லை. விசாரித்துப் பாருங்கள், இந்தக் கட்டடத்தில் என் குரல் உயர்ந்து கேட்டவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அவர்களுடைய மகள், அப்பாவை விடாப்பிடியாக இழுத்துவந்து குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வைத்தாள். குடலின் உள்சுவரில் சின்னதாக ஒரு சதை மொட்டு இருந்தது. பாலிப் என்பார்கள். எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை, வெறும் மொட்டுதான்.

மொட்டை எடுத்தால் கதை முடிந்துவிடுவதில்லை. சிலருக்குக் குடல் சும்மா இருந்துவிடும். சிலருக்கு வேறோர் இடத்தில் மறுபடி முளைத்து, இந்தத் தடவை மொட்டோடு நிற்காது. யாருக்கு எது என்று முன்பெல்லாம் மொட்டின் அளவையும் எண்ணிக்கையையும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அவர் வந்த சமயத்தில் எங்களிடம் புதுப் பரிசோதனை ஒன்று தொடங்கியிருந்தது. எடுத்த மொட்டின் சதையிலேயே மூலக்கூறு அளவில் சில அடையாளங்களைத் தேடுவார்கள். அவை இருந்தால் ஒரே வருஷத்தில் திரும்ப வரச் சொல்வார்கள். இல்லையென்றால் ஐந்து வருஷம் நிம்மதி. பரிசோதிக்கச் சதை போதவில்லை என்றால் பழைய கணக்குதான். சின்ன மொட்டு, அதுவும் ஒன்றே ஒன்று என்றால் ஐந்து வருஷம்.

டாக்டர் பார்ப்பதற்கு வழக்கமான இரண்டு சீவல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அடையாளப் பரிசோதனைக்குப் பத்துச் சீவல் கேட்டுத் தாள் வந்தது. அன்றுதான் தாளைச் சரியாகப் பார்த்தேன். அவருடைய பெயர். 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள' என்ற இடத்தில் அவர் கையெழுத்திலேயே என் போன் நம்பர்.

மெஷினில் ஒரு குமிழ் இருக்கிறது. சதைக்கு மேலே மூடியிருக்கும் வெறும் மெழுகைத் தடித்த சீவலாகச் சீவித் தள்ளுவதற்கு. அந்தச் சீவல்களை யாரும் எண்ணுவதில்லை, யாரும் பார்ப்பதும் இல்லை. நேரே குப்பைத் தட்டுக்குப் போகும். குமிழைத் திருப்பி வைத்தேன். நூற்றுப் பத்துச் சுற்று. கட்டைக்குள் பால்துளி மாதிரி வெள்ளையாகத் தெரிந்த இடம் சிறுத்துக்கொண்டே வந்து காணாமல் போயிற்று. மிஞ்சியது வெறும் மெழுகு. பெருக்க வந்த அம்மாவை அன்று மட்டும் வேண்டாம் என்று சொல்லி நானே பெருக்கினேன்.

தாளில் 'திசு போதவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை, போதவில்லைதான்.

டாக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சிரித்தார். "என்ன கத்தியம்மா, உங்க கையிலயே தீர்ந்துபோச்சா?"

"ரொம்பச் சின்னதா இருந்துச்சு டாக்டர். கொஞ்சம் ஆழமாப் போயிட்டேன்."

"விடுங்க. எனக்கும்தான் வயசாகுது. காலையில அடுத்தவர் காரைத் திறக்கப் போய்ட்டேன்."

அத்தனை வருஷத்தில் என் பெயருக்கு நேரே அந்த வரி விழுந்தது அந்த ஒரு தடவைதான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மற்றது உறுத்தவில்லை.

ஏனென்றால் நான் அவருக்கு நோயைக் கொடுக்கவில்லை. அந்தச் சதையில் அடையாளங்கள் இருந்தனவா என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. இல்லாமல் இருந்திருந்தால் நான் சீவியது வெறும் மெழுகுதானே. எல்லோரும் கடவுள் மேல் பாரத்தைப் போடுகிறார்கள். நானும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அவர் வீட்டில்தான். நன்றாகச் சமைப்பார். முடிவு வந்த வாரம் பரிமாறிக்கொண்டே சொன்னார். "அஞ்சு வருஷம் லீவு குடுத்துட்டாங்க அக்கா. டெஸ்டுக்குச் சதை பத்தலையாம். சின்னவ இருந்திருந்தா சொல்லியிருப்பா, இத்தனை நாள் உங்களுக்கு மூளைதான் பத்தலைன்னு நினைச்சேன், சதையுமான்னு." மகள் சிரித்ததில் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். சின்னவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

மூன்று வருஷம் காத்திருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தட்டுகளைக் கழுவிக் கொடுக்க, நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். குழாயை நிறுத்தினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். பொண்ணுகிட்டச் சொல்லிடாதீங்க, பயந்துடுவா."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"ரெண்டு வாரமா லேசா ரத்தம் தெரியுது. அஞ்சு வருஷம்தான் இன்னும் ஆகலையே. போய்க் காட்டணுமா?"

கையிலிருந்த தட்டைத் துடைத்து வைத்தேன். "மூலமா இருக்கும். காரத்தைக் குறைங்க, கீரை சாப்பிடுங்க, தண்ணி நிறையக் குடிங்க. தானாச் சரியாப் போயிடும்."

"சின்னவளுக்கும் இப்படித்தானே அக்கா ஆரம்பிச்சது?"

"அவளுக்கு ஆரம்பத்துலயே யாரும் உள்ள விட்டுப் பார்க்கலை. உங்களுக்குத்தான் பார்த்து, இருந்ததையும் எடுத்தாச்சே."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதானே. நீங்க சொன்னாச் சரிதான்." மறுபடி குழாயைத் திறந்தார்.

வீட்டுக்கு வந்து காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வைத்தேன். அங்கிருந்து எட்டு மாதம். அவர் இளைத்ததைப் பார்த்தேன், சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியதைப் பார்த்தேன். "வாக்கிங் போறேன்ல, அதான்" என்றார். நல்லது என்றேன். எட்டு மாதம் முடிந்த மறுநாள் காலை நானே ஆட்டோ வைத்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். என் முகத்துக்காக வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே அனுப்பினார்கள். சின்னவளிடமிருந்து போன எட்டு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது நான்காவது மாடியில், ஜன்னல் ஓரப் படுக்கையில் இருக்கிறார். ஈரல்வரை பரவிவிட்டது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "அக்கா கூட்டிட்டு வரலேன்னா இன்னும் லேட்டாகியிருக்கும்" என்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது மகளிடம் சொன்னார். "அன்னைக்கு அந்தச் சதை மட்டும் பத்தியிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்கும். என்ன பண்றது, என் தலையெழுத்து."

தலையெழுத்தாம். நூற்றுப் பத்துச் சுற்றும் இந்தக் கை சுற்றியது. யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்திருக்கவும் முடியாது. திசு போதாமல் போவது எந்த ஆய்வுக்கூடத்திலும் நடக்கிறதுதான். நானாகவே போலீஸைக் கூப்பிட்டு உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது அதற்காகத்தான். அவர் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டு போய்விட்டால் நான் செய்ததற்கு அர்த்தம் என்ன? நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். வலிக்கு மருந்தை நாளையிலிருந்து கூட்டப்போகிறார்கள். அதற்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது. அவசரம் என்றேனே, அது இதுதான்.

இன்னும் என்ன? பழைய பக்கத்தைப் புரட்டுகிறீர்கள். எனக்கு முன்னால் மகளிடமும் பேசிவிட்டீர்களா. அவள் அப்படிச் சொன்னாளா.

ஆமாம், சின்னவளிடமிருந்து போன் வந்தது. அன்று ஐஸ் தட்டில் நாற்பது கட்டை இருந்தது. பேசிக்கொண்டிருந்தால் இளகிவிடும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "அக்கா, எனக்கு ரத்தம் போகுது. பயமா இருக்கு" என்றாள். மூலமா இருக்கும் என்றேன். காரத்தைக் குறை, கீரை சாப்பிடு, தண்ணி நிறையக் குடி, தானாச் சரியாப் போயிடும் என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் அவள் பயந்தபோதெல்லாம் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லித் தேற்றியிருக்கிறார். "ஆஸ்பத்திரியில இருக்கிற அக்காவே சொல்லிட்டாங்கல்ல" என்று.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்கிறீர்கள். இது இந்த விஷயத்தில் சேராது. நான் சொன்னது கையில் வேலை இருந்தபோது, போகிற போக்கில், ஒரே ஒரு தடவை. எட்டு மாதம் அதை நம்பிக்கொண்டிருந்தவர் அவர்தான்.