ஒத்துப்போன கணக்கு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். மலை ஏறத் தொடங்கியதும், சிக்னல் போன செல்போனைப் பையில் போட்டுவிட்டுத் தங்கை சொன்னாள்:

“எல்லாம் ஒத்துப்போச்சுக்கா. அதான் பயமா இருக்கு.”

“ஒத்துப்போனா நல்லதுதானடி?”

“பிரபஞ்சம் எவ்வளவு வேகமா விரியுதுன்னு தெரிஞ்சா, நட்சத்திரக் கூட்டமெல்லாம் எவ்வளவு கொத்துக்கொத்தாச் சேந்திருக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்லிரலாம். நெசமாவே அப்படித்தான் சேந்திருக்கான்னு பாக்குறதுதான் என் ஆராய்ச்சி. இல்லைன்னா, பிரபஞ்சத்தைப் பத்தி எல்லாரும் நம்பிக்கிட்டிருக்க மாடலே தப்பு.”

“சரி, அப்படித்தான இருக்கு?”

“மொதல்ல இல்லை. நான்தான் கணக்குல எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு தேடுனேன். ஒண்ணு கெடச்சுச்சு, திருத்துனேன். அப்பவும் ஒத்துப்போகலை. மறுபடி தேடுனா இன்னொண்ணு. அதைத் திருத்துனதும் ஒத்துப்போச்சு. அன்னைக்கோட தேடுறதை நிப்பாட்டிட்டேன். இன்னும் தப்பு இருக்கான்னு பாக்கவேயில்லை.”

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. அக்கா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சர்ச்சுல எல்லார்கிட்டயும் நீ ஆராய்ச்சியை முடிச்சிட்டன்னு சொல்லிட்டேனேடி.”

“எங்க கைடு சாரும் கட்டுரையை அனுப்பிரச் சொல்லிட்டாரு.”

“இப்பத் தேடி இன்னொரு தப்பு கெடச்சா?”

“திரும்ப ஒத்துப்போகாமப் போனாலும் போகும்.”

பனிமூட்டம் உள்ளே வராதபடி அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

“சரி, நான் எதுக்கு ஜெபம் பண்ண? ஒத்துப்போகணும்னா, போகக்கூடாதுன்னா?”

“எதுக்கும் வேணாம்க்கா. ஒத்துப்போகணும்னு நானே ஜெபம் பண்ணிட்டேன். கோளாறே அங்கதான்.”